இடது கை ஆணி

ஐஸ் பெட்டியின் ஒரு கால் தரையில் சரியாகப் படவில்லை. தேசப்பன் முட்டி போட்டுக் குனிந்து, உடைந்த ஓட்டுச் சில்லு ஒன்றை அந்தக் காலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தான். பெட்டியைக் கவரைப்பேட்டையிலிருந்து ஏற்றி வந்தவன் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டுப் பொறுமையில்லாமல் நின்றான்.

"போதும்ணா. பெட்டி நல்லாத்தான் நிக்குது."

"நிக்கறது பெரிசில்லப்பா. தலமாட்டு மேட்ல இருக்கணும், கால்மாட்டு பள்ளத்துல இருக்கணும். அப்பதான் தண்ணி ஓட்ட வழியா வெளிய போவும். இல்லன்னா உள்ளயே தேங்கிக்கும்."

சொல்லிவிட்டு எழுந்தான். ஒரு டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் எடுத்து வந்து கண்ணாடி மூடியின் மேல் வைத்தான். தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். டம்ளருக்கு நேர் கீழே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவன் மனைவி ஆரோக்கியமேரியின் முகம் இருந்தது. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஜெபமாலையை நடுவில் நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார்கள்.

"டேய், அந்த டம்ளர எட்றா," என்றாள் முத்தம்மா.

முத்தம்மா ஆரோக்கியமேரிக்கு அக்காள். தங்கையின் இரண்டு கிட்னியும் போன பிறகு, இந்த ஒன்றரை வருஷத்தில் பாதி நாள் இந்த வீட்டில்தான் இருந்தாள். வாரம் இரண்டு தடவை கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலேறி, சென்னையில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு சாயங்கால ரயிலில் திரும்புவார்கள். போன மாதம் டாக்டர், இனி அலைய வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். இன்றைக்குக் காலை ஆறே முக்காலுக்கு அவள் போனபோது பக்கத்தில் இருந்தது முத்தம்மாவும் மகள் ஏஞ்சலினும்தான். தேசப்பன் கோயிலில் இருந்தான்.

டம்ளரை எடுத்துத் தண்ணீரை வாசலில் ஊற்றினான். உடனே வேறு வேலை கண்ணில் பட்டது. பந்தல் கயிறு தொய்ந்திருந்தது, இழுத்துக் கட்டினான். பெட்டிக்குப் போன ஒயர் வாசற்படியில் குறுக்கே கிடந்தது. யாராவது தடுக்கி விழுவார்கள் என்று அதைச் சுவரோரமாக ஒதுக்கி ஆணி அடித்தான். பத்தொன்பது வருஷமாக கம்பி உருட்டுகிற மில்லில் பிட்டர் வேலை பார்க்கிற கை, ஓடாமல் நிற்கிற எதையும் பார்த்தால் சும்மா இருக்காது. "ஒக்காரு தேசப்பா," என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவனும் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்தான். நாற்காலி சூடாவதற்குள் எழுந்தான்.

சாவு நடந்த செய்தி காலனியில் பாதிப் பேருக்குப் பத்து மணிக்கு மேல்தான் தெரிந்தது. இன்று பெரிய வெள்ளி. வேறு நாளாக இருந்தால் ஆறே முக்காலுக்குப் போன உயிருக்கு ஏழு மணிக்குத் துக்க மணி விழுந்திருக்கும். நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு அடியாக விழும் அந்த மணியைக் கேட்டு, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள்கூட யார் வீடு என்று விசாரித்துக்கொண்டு வருவார்கள். ஆனால் பெரிய வியாழன் இரவுப் பூசையில் 'உன்னதங்களிலே' பாடும்போது அடிக்கிற மணி, அதோடு கட்டிப் போடப்படும். சனிக்கிழமை இரவு உயிர்ப்புப் பூசையில் அதே பாட்டு வரும்வரை நாக்கு அசையாது. நடுவில் இருக்கிற இரண்டு நாளும் ஒரு மரப்பலகைதான் மணி. பலகையில் கீல் வைத்து மரச் சுத்தியல் ஒன்று பொருத்தியிருக்கும். கைப்பிடியை ஆட்டினால் கடகடவென்று அடிக்கும். அது வழிபாட்டுக்குக் கூப்பிடும், சாவுக்கு அடிக்காது.

மதியம் பங்குச் சாமியார் வந்து மந்திரித்துவிட்டுப் போனார். போகும்போது வாசலில் நின்று, "நாளைக்குக் காலைல அடக்கம் வெச்சிக்கலாம். ஜெபம் மட்டுந்தான். பூசை திங்கக்கெழம," என்றார்.

"பூசையே இல்லாமயா ஃபாதர்?" என்றாள் ஏஞ்சலின். அழுது அழுது குரல் அடைத்திருந்தது. "எங்கம்மாவுக்கு மணிகூட அடிக்கல."

"இன்னைக்கும் நாளைக்கும் எந்தக் கோயில்லயும் அடக்கப் பூசை கெடையாதும்மா. நற்கருணைப் பேழையே தொறந்து காலியா கெடக்குது, பாத்தியே. நாளைக்கு ஆண்டவரே கல்லறையிலதான் இருக்காரு. அவருக்கே மணி இல்ல."

ஏஞ்சலின் உள்ளே போய்விட்டாள். தேசப்பன், சாமியாரின் மோட்டார் பைக்கில் செயின் தொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காலையில் எங்கே போயிருந்தாய் என்று யாரும் அவனிடம் கேட்கவில்லை. அவனும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு உள்ளே ஓடியபோது முத்தம்மா ஏற்கெனவே தங்கையின் கண்களை மூடித் தாடையைக் கட்டியிருந்தாள். என்ன ஆயிற்று, கடைசியில் என்ன சொன்னாள் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். அந்த நேரம் தப்பிவிட்டது. அதன் பிறகு முத்தம்மா உட்கார்ந்திருக்கிற பக்கம் போகாமலே வேலை செய்துகொண்டிருந்தான்.

மணி மூன்றாகப் போகும்போது கலியன் வந்தான். அதே மில்லில், அதே பிரிவில் வேலை. காலை ஷிப்டை முடித்துவிட்டு எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு நேராக வந்திருந்தான். வாங்கி வந்த மாலையைப் பெட்டி மேல் போட்டுக் கும்பிட்டுவிட்டு, தேசப்பன் பக்கத்தில் வந்து நின்றான்.

"இன்னாணா, இப்பிடி ஆயிப்போச்சு."

தேசப்பன் வாயைத் திறந்தான். அந்த நேரத்தில் கோயில் பக்கமிருந்து மரப்பலகை கடகடவென்று அடித்தது. மூன்று மணி வழிபாடு தொடங்கிவிட்டது. பந்தலில் இருந்த ஆண்களில் பாதிப் பேர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். பெரிய வெள்ளிக்கு யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். சாவு வீட்டுக்காரர்களுக்கு மட்டும் விலக்கு.

தேசப்பன் கலியனின் தோளைப் பற்றினான்.

"கலியா. நான் செக் நட்டு போட்டுட்டேன்டா."

"இன்னாது?"

இதைப் புரியவைக்க அந்தச் சுரூபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயிலில் பாடுபட்ட சுரூபம் ஒன்று உண்டு, சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் சிலை. ஆள் உயரத்துக்கு மரத்தில் செய்தது, தேசப்பனின் தாத்தா ஞானஸ்நானம் வாங்கியதற்கு முன்பே வந்தது. அதன் இரண்டு தோளும் மடங்கும். தோளுக்குள் கீல் இருக்கிறது, வெளியே தோல் ஒட்டி வர்ணம் பூசியிருப்பதால் தெரியாது. பெரிய வெள்ளி விடியற்காலையில் அதைச் சிலுவையில் மாட்டுவார்கள். சாயங்காலம் எல்லோருக்கும் முன்னால் ஆணியைக் கழற்றி, கையை மடக்கி, இறக்கி, வியாகுல மாதாவின் காலடியில் கிடத்துவார்கள். பிறகு பூந்தேரில் வைத்து வீதி சுற்றி வருவார்கள். ஆணி என்பது பார்வைக்குத்தான் ஆணி. உள்ளங்கைத் துளை வழியாகப் போய்ச் சிலுவைக்குப் பின்பக்கம் வெளியே வருகிற நீளமான போல்ட் அது. பின்னால் காது வைத்த நட்டு போட்டிருக்கும். கறுப்புத் திரைக்குப் பின்னால் ஒருவன் நின்று விரலால் அதைக் கழற்றிவிட்டால், முன்னால் ஏணியில் நிற்கிறவன் குறட்டால் பிடித்து இழுக்கிற மாதிரி இழுப்பான், ஆணி வந்துவிடும். பன்னிரண்டு வருஷமாக மாட்டுகிறவனும் தேசப்பன்தான், திரைக்குப் பின்னால் நிற்கிறவனும் தேசப்பன்தான்.

இன்று விடியற்காலையில் இடது கை நட்டில் மரை தேய்ந்து போயிருந்தது. எத்தனை தடவை முறுக்கினாலும் வழுக்கியது. பையைக் கவிழ்த்துக் கொட்டித் தேடி, சாதாரண நட்டு இரண்டைக் கண்டுபிடித்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு எதிரெதிராக முறுக்கிவிட்டான். மில்லில் ஓயாமல் அதிர்கிற இயந்திரங்களுக்குச் செக் நட்டு போடுவதுபோல. அது தானாகக் கழலாது. விரலால் அசைக்கவே முடியாது. இந்த வேலையில் அரை மணி நேரம் போனது. சட்டையைக் கழற்றி, பூசை உடைகள் வைக்கிற சக்ரீஸ்து அறையில் மாட்டியிருந்தான். அதன் பையில் செல்போன் இருந்தது. வேலை முடிந்து எடுத்துப் பார்த்தபோது ஏஞ்சலினிடமிருந்து ஏழு மிஸ்டு கால். ஓடி வந்த அவசரத்தில் நட்டு மாற்றியதை யாரிடமும் சொல்லவில்லை.

"முன்னாடியிலிருந்து இஸ்தா இன்னா ஆவும்ணா?"

"உள்ளங்கை பொளந்துக்கும். ஆணிக்குக் கழுத்து சதுரம். ஒத்த ஸ்பேனர் போட்டுத் திருப்புனாக்கூட ஆணியும் சேந்து சுத்தும், மரம் தாங்காது." செல்போனை எடுத்து உபதேசியார் சாலமோனைக் கூப்பிட்டான். அணைத்து வைத்திருந்தார். இன்னும் மூன்று பேரைக் கூப்பிட்டான். கோயிலுக்குள் யாருடைய போனும் உயிரோடு இல்லை.

திண்டாடிக்கொண்டு நிற்கவில்லை. சைக்கிளில் மாட்டியிருந்த பையிலிருந்து பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர் இரண்டை எடுத்துக்கொண்டு சைக்கிளைத் திருப்பினான்.

"எங்க?" என்றாள் முத்தம்மா வாசலில் வந்து நின்று.

"பத்து நிமிசம்க்கா. கோயிலுக்கு…"

"செத்த ஊட்லருந்து போயி சாமியத் தொடுவியா?" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கேட்டார்.

முத்தம்மா அவர் பக்கம் திரும்பவேயில்லை. "தொடுறது தொடாதது கெடக்கட்டும்," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "காத்தால போனது போதாதா தேசப்பா?"

சைக்கிளின் பின் சக்கரம் மட்டும் மெதுவாகச் சுற்றி நின்றது. தேசப்பன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்தான். பிறகு கதவு வழியாகத் தெரிந்த பெட்டியின் கால்மாட்டைப் பார்த்தான். போகாவிட்டால் கை உடையும். நூறு வருஷத்துக்கு மேல் உடையாத கை, அவன் போட்ட நட்டால் உடையும். போனால், அவளை விட்டுவிட்டு அவன் போனது இன்றைக்கு இரண்டாவது தடவையாக இருக்கும்.

சைக்கிளை ஸ்டாண்டு போட்டான்.

"கலியா, நீ போ."

"நானா? என்ன உள்ள உடுவாங்களாணா?"

"பின்பக்கக் கதவு தொறந்துதான் இருக்கும். உபதேசியார்கிட்ட எம் பேரச் சொல்லு." கலியனின் கையைப் பிடித்து இழுத்துப் பந்தல் கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினான். கம்பத்தைச் சிலுவையாக வைத்துக்கொண்டு விளக்கத் தொடங்கினான். "ரெண்டு நட்டு. மரத்த ஒட்டிக்கினு இருக்கறது உள் நட்டு. அத்த ஒரு ஸ்பேனர்ல அசையாம புடிச்சிக்க. வெளி நட்ட இன்னொண்ணால திருப்பு. ஒரு சுத்து சுத்தினா போதும், பொத்துனு உட்டுடும். அப்பால உள் நட்டு வெரலுக்கே வந்துடும். நான் அத்த இறுக்கல."

"இதான? கண்ண மூடிக்கினு பண்ணுவேன்."

"மூடாத. இன்னும் கீது. நட்டு கழண்டாலும் ஆணி வராது, ஏன்னா ஒடம்பு கனம் முழுக்க ஆணி மேல தொங்குது. மொதல்ல ரெண்டு அக்குளுக்கும் அடியில துணி போட்டு, சிலுவைக்கு மேல வாங்கி, பின்னால ரெண்டு பேரு புடிச்சிக்கினு இருப்பாங்க. துணிய ஒரு வெரக்கடை ஏத்தச் சொல்லு. கனம் துணிக்குப் போயிடும். அப்ப முன்னாடி இருக்கறவன் இஸ்தா ஆணி வெண்ண மாதிரி வரும்."

கலியன் ஸ்பேனர்களை இடுப்பில் செருகிக்கொண்டான். "எங்கிட்ட பேலன்ஸ் இல்லணா. மிஸ்டு கால் குடுக்கறேன், நீ கூப்டு," என்று சொல்லிவிட்டு அதே சைக்கிளில் ஏறிப் போனான்.

அதன் பிறகு இரண்டு மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. பாடுகளின் வாசகம் நீளம். எல்லோரும் வரிசையில் போய்ச் சிலுவையை முத்தம் செய்வதும் நீளம். தேசப்பன் பந்தலின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடந்தான். செருப்பு இல்லாத கால் சூடு தெரியாமல் நடந்தது. கரன்ட் போய் வந்தது. பெட்டியின் மோட்டார் இரைந்து மறுபடி ஓடத் தொடங்கியதும் ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்த்தான்.

அஞ்சே காலுக்கு மிஸ்டு கால் வந்தது. அதோடு தேசப்பனின் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. ஏஞ்சலின் தன்னுடைய சைனா செட்டிலிருந்து போட்டுக் கொடுத்தாள். அந்தப் போனில் ஒரு கோளாறு. ஸ்பீக்கரை அணைக்கவே முடியாது, மெதுவாகப் பேசினாலும் வீடு முழுக்கக் கேட்கும். கலியன் கிசுகிசுத்தது பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணா. திரைக்குப் பின்னால வந்துட்டேன். உங்க உபதேசியாரு மொறைக்கிறாரு."

"மொறைக்கட்டும். செருப்பக் கழட்டுனியா?"

"வெளியவே உட்டுட்டேன். அண்ணா, இடது கைன்னியே, எந்த இடது? என் இடதா, சாமியோட இடதா?"

"அவருக்குப் பின்னால நீ நிக்கற. அவரு மூஞ்சி எங்க பாக்குதோ உன் மூஞ்சியும் அங்கதான் பாக்குது. ரெண்டும் ஒரே இடதுதான்டா."

"கரெக்ட்டு." ஸ்பேனர் இரும்பில் தட்டும் சத்தம். தூரத்தில் ஜனங்கள் பாடும் ஒப்பாரி போன்ற பாட்டு. "வலது கை எறக்கிட்டாங்க. ஏணியில இருக்கறவரு தோள்ல சாச்சிக்கினாரு. இப்ப இந்தப் பக்கம் வராரு. அண்ணா, கொறடு போட்டு இஸ்குறாருணா!"

"வேணாம்னு சொல்லு! உபதேசியார்கிட்ட சொல்லு, நிறுத்தச் சொல்லு!"

போனில் சலசலப்பு. யாரோ யாரையோ அதட்டினார்கள். பெட்டியைச் சுற்றி இருந்த பெண்கள் ஜெபமாலை மணியை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார்கள்.

"நிறுத்திட்டாரு. உள் நட்டு புடிச்சிக்கினேன். வெளி நட்டு அசையல."

"எந்தப் பக்கமா திருப்புற?"

போனில் ஸ்பேனர் இரும்பில் வழுக்கியது.

"சனியனே, வழக்கமாக் கழட்டற பக்கந்தான் திருப்புடா," என்றாள் முத்தம்மா போனைப் பார்த்து. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆங், ஆங். வந்துடுச்சு. உட்டுடுச்சுணா. வெளி நட்டு கைக்கு வந்துடுச்சு. உள் நட்டும் வருது."

"துணி?"

"ஏத்தச் சொல்லிட்டேன். ஏத்தறாங்க." கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "வெண்ண மாதிரிதான்ணா. கை தொங்குது. ஏணிக்காரரு புடிச்சிக்கினாரு. நெஞ்சு மேல மடிச்சி வெக்கிறாரு. இப்ப காலு. காலும் வந்துடுச்சு. எறங்குறாரு." கிசுகிசுப்பு இன்னும் தணிந்தது. "அந்த அம்மா சுரூபத்துக்கு முன்னால பொம்பளைங்க வெள்ளைத் துணி விரிச்சிக்கினு நிக்கறாங்க. அதுல கெடத்திட்டாங்கணா. கைக்கு ஒண்ணும் ஆவல. அல்லாரும் அழுவுறாங்க. நான் வெச்சிடட்டா?"

"வெச்சிடு."

தேசப்பன் போனை மகளிடம் நீட்டினான். போன வருஷம்வரை அந்த வெள்ளைத் துணியின் ஒரு முனையை ஆரோக்கியமேரிதான் பிடித்தாள். அவன் திரைக்குப் பின்னால் நிற்பான், அவள் திரைக்கு முன்னால். வீட்டுக்கு வரும்போது, "இந்தத் தபா கனம் ஜாஸ்தியா இருந்தாருய்யா," என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வாள்.

கயிறு எல்லாம் இறுகியிருந்தது. ஒயர் சுவரோரம் இருந்தது. பெட்டி ஆடவில்லை. செய்ய ஒன்றும் மிச்சமில்லை. அவன் உள்ளே போய்ப் பெட்டியின் தலைமாட்டில், முத்தம்மாவுக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தான். காலை மடக்கி நன்றாகச் சம்மணம் போட்டே உட்கார்ந்தான்.

கோயிலிலிருந்து தேர் கிளம்பிவிட்டதற்கு அடையாளமாக மரப்பலகை அடித்தது. இந்த வீதி வழியாகத்தான் வரும். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து மெழுகுவர்த்தியோடு வாசலுக்குப் போனார்கள். ஏஞ்சலினும் போனாள்.

"அக்கா," என்றான் தேசப்பன்.

"ம்."

"காத்தால இன்னா ஆச்சு?"

முத்தம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நாள் முழுக்க அவள் இதற்காகக் காத்திருந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் உடனே சொல்லவில்லை.

"ஆறு மணிக்கு மேல தண்ணி கேட்டா. அளந்துதான குடுக்கணும்னாங்க. நான் அளக்கல. ஒரு சொம்பு குடுத்தேன். முக்காவாசி குடிச்சா."

"அப்பால?"

"வலிக்குதான்னு கேட்டேன். இல்லன்னா. உன்னக் கேட்டாளான்னா, கேக்கல. பொய் சொல்ல மாட்டேன். உம் பேர எடுக்கல." நிறுத்தினாள். "வேர்க்குது, கதவத் தொறன்னா. தொறந்தேன். வெளியவே பாத்துக்கினு படுத்திருந்தா. நானும் காத்துக்குத்தான்னு நெனச்சேன். அவ்ளோதான். அப்பிடியே இருந்துட்டா."

அவன் தலையை ஆட்டினான்.

வீதியில் பாட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலக் காற்று திரும்பிவிட்டது. இந்த நேரத்துக்குச் சிப்காட் ஆலைகள் பக்கமிருந்து வீசும். வெள்ளைத் துணி காயப்போட்டிருந்தால் எடுத்துவிட வேண்டும். பெட்டியின் கண்ணாடி மேல் மிளகுத் தூள்போலக் கரி வந்து படிய ஆரம்பித்தது.

"கதவச் சாத்துடா. கரி வருது பாரு," என்றாள் முத்தம்மா.

"தொறந்தே இருக்கட்டும்க்கா."

தோளிலிருந்து துண்டை எடுத்து, ஆரோக்கியமேரியின் முகத்துக்கு நேராகக் கண்ணாடியைத் துடைத்தான். வாசலில் தேர் வந்து நின்றது, மெழுகுவர்த்தி வெளிச்சம் உள்ளே தரைவரை வந்தது. மறுபடி கரி படிந்தது. அவன் மறுபடி துடைத்தான்.